காலாவதி மாத்திரைக்குக் கடையிலிருந்து வழி உண்டு, வீட்டிலிருந்து இல்லை

2010 மார்ச்சில் சென்னையை உலுக்கிய காலாவதி மருந்து வழக்கு பலருக்கு நினைவிருக்கும். தேதி முடிந்த மருந்துகளைத் திரட்டி, பழைய தேதியை அழித்து, புதுத் தேதி போட்டு, மீண்டும் கடைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்த கும்பல் சிக்கியது. விசாரணை சிபிசிஐடி வசம் போனது. அந்த மருந்துகள் வந்த வழியைத் தேடியபோது அகப்பட்ட இடங்களில் ஒன்று வட சென்னையின் கொடுங்கையூர் குப்பைக்கிடங்கு. ஒழித்தாகிவிட்டது என்று கொட்டப்பட்டவை அங்கிருந்து பொறுக்கப்பட்டு, விலை பேசப்பட்டு, நோயாளியின் கைக்கே திரும்பிக்கொண்டிருந்தன.

மோசடி செய்தவர்களைப் பற்றி அப்போது நிறையப் பேசினோம். கொட்டிய இடத்தைப் பற்றிப் பேசியது குறைவு. குப்பையில் விழுந்த மருந்தை யாராவது எடுக்கலாம், மாடு தின்னலாம், மழையில் கரைந்து அது நிலத்துக்குள் இறங்கலாம். இதையெல்லாம் தடுக்க நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. மருந்துக்கடைக்கும் மருத்துவமனைக்கும் அது தெளிவாகவே வழி சொல்கிறது. வீட்டு வாசலுக்கு வரும்போதுதான் அந்த வழி அறுந்துபோகிறது.

கடையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி, தேதி முடிந்த மருந்தை விற்கவோ விற்பனைச் சரக்கோடு சேர்த்து வைக்கவோ கூடாது. ‘விற்பனைக்கு அல்ல’ என்று குறித்துத் தனியே ஒதுக்க வேண்டும். அதற்கென்று மெடிக்கல் ஷாப்பில் ஒரு மூலையிலோ பரணிலோ அட்டைப்பெட்டி ஒன்று கிடக்கும். அலமாரியைத் துழாவி, தேதி முடிந்ததையும் முடியப்போவதையும் அதில் எடுத்துப் போடுவார்கள். பெட்டி நிறைந்ததும் பேட்ச் எண், தேதி, எண்ணிக்கை எல்லாம் எழுதி மொத்த விற்பனையாளருக்குப் போகும். அவர் கம்பெனிக்கு அனுப்புவார். கடைக்காரர் கணக்கில் பணம் வரவாகும். ‘எக்ஸ்பைரி ரிட்டர்ன்’ என்று வியாபாரத்தில் இதைச் சொல்வார்கள். பணம் திரும்ப வருவதால்தான் இந்தச் சங்கிலி ஓடுகிறது.

மருத்துவமனைக்கு 2016ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் இருக்கின்றன. காலாவதியான மருந்து அங்கே மஞ்சள் நிற வகையில் சேரும். தயாரித்தவருக்கே திருப்பி அனுப்பலாம், இல்லையென்றால் எரியூட்டும் ஆலைக்குக் கொடுக்க வேண்டும். புற்றுநோய் மருந்துகள் என்றால் கெடுபிடி இன்னும் அதிகம்: அவற்றை 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் எரிக்க வேண்டும். அவ்வளவு சூட்டில்தான் அந்த மூலக்கூறுகள் முழுமையாகச் சிதையும். வீட்டுக் கொல்லையில் சருகோடு சேர்த்துக் கொளுத்தும் தீ அதில் பாதிச் சூட்டைக்கூட எட்டுவது சந்தேகம். மாத்திரை அட்டையில் இருக்கும் பிவிசி பிளாஸ்டிக் அரைகுறையாக எரிந்தால் டையாக்ஸின் போன்ற நச்சுகள் கிளம்பும். மருந்தும் போகாது, புகையும் மிஞ்சும்.

வீட்டு மருந்தையும் சட்டம் மறந்துவிடவில்லை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் காலாவதி மருந்தைப் பெயிண்ட் டப்பா, டியூப்லைட், உடைந்த பாதரசத் தெர்மாமீட்டர், பயன்படுத்திய ஊசி ஆகியவற்றோடு சேர்த்து, வீடுகளில் உண்டாகும் அபாயகரமான கழிவு என்று வகைப்படுத்தின. இவற்றைக் கொண்டுபோய்க் கொடுக்க 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையமாவது அமைக்க வேண்டும் என்றும் சொல்லின. 426 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சென்னைக்கு அந்தக் கணக்கில் 22 மையங்கள் வரும். இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்களுக்கு உங்கள் பகுதி மையம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரியுமா? தெரிந்தவர்கள் நூற்றில் ஒருவர் இருந்தாலே பெரிது என்று நினைக்கிறேன். 2026 ஜனவரியில் வெளியான புதிய விதிகள் குப்பையை நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. அதில் நான்காவதான ‘சிறப்புக் கவனம் தேவைப்படும் கழிவு’ என்ற வகையில் மருந்து வருகிறது. வகை பிரித்தது நல்லதுதான். பிரித்ததை வாங்கிக்கொள்ள ஆள் வர வேண்டும்.

சரி, வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்தால் என்ன என்று தோன்றும். கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாம் கொண்டுபோகும் ஆறு மாத்திரைக்குப் பில் இல்லை, பாதி அட்டையில் பேட்ச் எண்ணும் இருக்காது. கம்பெனி அதற்குப் பணம் தராது. ஆய்வுக்கு வரும் மருந்து ஆய்வாளர் “இது எப்படி உங்கள் கடைக்கு வந்தது?” என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர். சங்கிலியின் கடைசிக் கண்ணியாகிய நம் வீட்டை யாரும் கோக்கவில்லை.

அதனால் மாத்திரை வீட்டிலேயே தங்குகிறது. ஃபிரிட்ஜ் மேலே இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்தால் என்னென்ன கிடைக்கும்? கத்தரித்து வாங்கிய மாத்திரை அட்டைகள், மூடி ஒட்டிப்போன இருமல் சிரப், யாருக்கோ எப்போதோ போட்ட கண் சொட்டு மருந்து, மூன்று நாளில் காய்ச்சல் விட்டதும் நிறுத்திய ஆன்டிபயாட்டிக்கின் மிச்சம். கத்தரித்த அட்டை தனிச் சிக்கல். அட்டையின் ஒரு ஓரத்தில் மட்டும் தேதி அச்சாகியிருந்தால், நாலு மாத்திரை கேட்டு வாங்கும் நமக்குத் தேதி இல்லாத துண்டு வந்து சேர்கிறது. தேதி இருக்கும் பக்கமாகக் கத்தரித்துக் கேளுங்கள். முடியாவிட்டால் அங்கேயே பேனா வாங்கித் துண்டின் பின்னால் மாதமும் வருடமும் எழுதிக்கொள்ளுங்கள். தேதியில் மாதமும் வருடமும் மட்டும் இருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள் வரை மருந்து செல்லும்.

தேதி முடிந்த மறுநாளே மாத்திரை விஷமாகிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க ராணுவம் தன் மருந்துக் கையிருப்பைச் சோதித்த திட்டத்தின் முடிவுகள் 2006இல் வெளியாயின. 122 மருந்துகளின் 3,005 தொகுப்புகளைச் சோதித்ததில் 88 சதவீதம் தேதிக்குப் பின் குறைந்தது ஓராண்டு தாங்கின. ஆனால் அவை சீல் உடைக்காமல், சரியான வெப்பநிலையில் வைத்திருந்தவை. மே மாத வெயிலில் சமையலறை அலமாரியில் கிடந்த அட்டைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. கெட்டுப்போன டெட்ராசைக்ளின் சிறுநீரகத்தைப் பாதித்தது 1960களிலேயே பதிவாகியிருக்கிறது. இன்சுலின், இதய வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை, தண்ணீர் கலந்துவிட்ட ஆன்டிபயாட்டிக் சிரப், திறந்து ஒரு மாதமான கண் சொட்டு மருந்து: இவற்றில் எந்தச் சலுகையும் வேண்டாம். உயிர் காக்க வேண்டிய நேரத்தில் வேலை செய்யாத மருந்தும் ஆபத்தானதுதான்.

“தேதிதான் இருக்கிறதே, இல்லாதவர்களுக்குக் கொடுக்கலாமே” என்ற எண்ணம் நம் எல்லோருக்கும் வரும். நல்ல மனதில் பிறக்கும் எண்ணம் அது. அது பெரிய அளவில் நடந்தால் என்ன ஆகும் என்பதை 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலம் பார்த்தது. இருபது லட்சம் பேர்கூட இல்லாத இடத்தில் சுமார் 4,000 டன் மருந்து வந்து குவிந்தது. அதில் பெரும்பகுதி அந்த நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இல்லாதவை, உள்ளூர் மக்களுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் பெயர் போட்டவை. வீடு இழந்தவர்களுக்கு இடம் தேட வேண்டிய நேரத்தில் மருந்துக் குவியலுக்குக் கிடங்கு தேட வேண்டியிருந்தது. அதற்கு முன்பே, 1990களில் போஸ்னியப் போரின்போது வந்த பயனற்ற மருந்து 17,000 டன் என்று மதிப்பிட்டார்கள். எப்படி அழிப்பது என்பதற்காகவே உலக சுகாதார நிறுவனம் 1999இல் தனி வழிகாட்டி வெளியிட நேர்ந்தது. வீடுகளில் மிஞ்சிய மருந்தை ஏழை நாடுகளுக்கு அனுப்பிவந்த பிரான்ஸ் 2008 இறுதியோடு அதை நிறுத்திக்கொண்டது. வீட்டில் எந்தச் சூட்டில் கிடந்தது என்று தெரியாத மாத்திரையை இன்னொரு நோயாளிக்குக் கொடுக்க யாருக்கும் தைரியம் வராது. வரவும் கூடாது.

அடுத்து வருவது தண்ணீர். யார்க் பல்கலைக்கழகம் தலைமையேற்ற ஆய்வு ஒன்று 2022இல் வெளியானது. 104 நாடுகளில் 258 ஆறுகளில் 1,052 இடங்களில் தண்ணீர் எடுத்துப் பார்த்தார்கள். வலிப்புக்குத் தரும் கார்பமசெபின், சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின், காஃபின் ஆகியவை பாதிக்கு மேற்பட்ட இடங்களில் இருந்தன. கார்பமசெபின் போன்றவை வழக்கமான கழிவுநீர் சுத்திகரிப்பில் அவ்வளவாக மட்டுப்படுவதில்லை.

இதில் அளவு மாறிப் பேசக் கூடாது. ஆற்றில் இருக்கும் மருந்தின் பெரும்பகுதி நாம் விழுங்கி, உடலிலிருந்து சிறுநீரில் வெளியேறியது. மருந்துத் தொழிற்சாலை இருக்கும் இடத்தில் அதன் கழிவுநீரே முதல் காரணம். ஹைதராபாத் அருகே படான்சேருவில் மருந்து ஆலைகளின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்டார்கள். அந்த மருந்தைச் சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட அது அதிகம். மருந்துக்கு மசியாத கிருமிகள் வளர இதைவிடத் தோதான இடம் வேண்டியதில்லை. வீட்டு டப்பாவின் பங்கு இதற்கு முன் சிறியது. ஆனால் அந்தச் சிறிய பங்கை மட்டும்தான் நாம் கையில் எடுத்து வேறு இடத்தில் போட முடியும். சிறுநீரில் போவதை அப்படி நிறுத்த முடியாது.

சிறிய அளவு என்ன செய்யும் என்பதற்கு நீலகிரியை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கின் பாறு கழுகுகளைக் கேட்டால் தெரியும். மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், மாடு இறந்த பின் அதன் உடலில் தங்கியிருந்தது. அதைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் செயலிழந்து செத்தன. காரணம் இதுதான் என்று 2004இல் உறுதியானபோது இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் ஏறக்குறைய எல்லாமே போயிருந்தன. கால்நடை டைக்ளோஃபெனாக்கை 2006இல் தடை செய்தார்கள். மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டதால் 2015இல் குப்பியின் அளவையும் 3 மில்லியாகக் குறைக்க வேண்டியிருந்தது. இது குப்பையில் வீசிய மருந்தின் கதை அல்ல, ஊசியில் போன மருந்து. ஆனாலும் மனிதனுக்குச் சாதாரணமான மருந்து ஒன்று, போகக் கூடாத இடத்துக்குப் போனால் ஒரு பறவையினத்தையே துடைத்துவிடும் என்பதை நம் காட்டிலேயே பார்த்துவிட்டோம்.

2025இல் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மருந்து அழிப்புக்கான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. அதில் செய்தியானது ஒரு பட்டியல்: 17 மருந்துகளைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிடச் சொல்லியிருந்தது. தண்ணீரைக் கெடுக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது இது முரணாகப் படும். பட்டியலைப் பார்த்தால் காரணம் புரியும். மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்ஸிகோடோன், புப்ரினார்ஃபின், டிரமடால், டேபென்டடால், டயஸெபாம் என்று போகிறது. ஒரு குழந்தை தவறுதலாக ஒன்றை விழுங்கினாலே உயிர் போகக்கூடியவை, அல்லது போதைக்காகத் தேடப்படுபவை. வலிக்காகத் தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டையை உரித்த பிறகும் அதில் கணிசமான மருந்து மிஞ்சியிருக்கும். வலி நிவாரண மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்ட இளைஞர்கள் கைது என்ற செய்தி தமிழ்நாட்டு நாளிதழ்களில் ஓயாமல் வருகிறது. அப்படிப்பட்ட மாத்திரை குப்பையில் கிடப்பதைவிடத் தண்ணீரில் போவது குறைந்த தீமை என்பது அந்தக் கணக்கு. அதை நான் ஏற்கிறேன். ஆனால் அது அந்தப் பதினேழுக்கு மட்டும்தான். ஆன்டிபயாட்டிக்கையும் மெட்ஃபார்மினையும் கழிப்பறையில் போட யாரும் சொல்லவில்லை.

வீட்டில் யாராவது புற்றுநோயோடு வாழ்ந்து மறைந்திருந்தால், அலமாரியில் மார்ஃபின் மாத்திரை மிஞ்சியிருக்கும். துக்கத்தில் அதை யாரும் நினைப்பதில்லை. வலி தணிப்புச் சிகிச்சை தந்த மருத்துவமனை திரும்ப வாங்கிக்கொள்ளுமா என்று முதலில் கேளுங்கள். கீமோ மாத்திரைகளும் மருத்துவமனைக்கே போக வேண்டும். அவற்றை உடைக்கவோ வெறுங்கையால் கிளறவோ வேண்டாம்.

மற்ற மருந்துகளுக்கு, திரும்ப வாங்கும் இடம் வரும்வரை, உள்ளதில் நல்ல வழி இது. மாத்திரையை அட்டையிலிருந்து உரித்தெடுங்கள். பொடிக்க வேண்டாம். வடிகட்டிய ஈர டீத்தூளோ காபிச் சக்கையோ மண்ணோ எடுத்து அதில் போட்டுக் கலந்து, இறுக்கி மூடும் டப்பாவில் அடைத்துவிடுங்கள். சிரப்பையும் அதிலேயே ஊற்றிப் பிசைந்துவிடலாம். யாரும் எடுத்துத் தின்னவோ விற்கவோ முடியாதபடி அது ஆகிவிடும். வெற்று அட்டையைக் குறுக்கே வெட்டுங்கள், பாட்டில் லேபிளைக் கிழித்துவிடுங்கள். முழு அட்டையும் தேதி அழிக்கத் தோதான லேபிளும்தான் கொடுங்கையூரில் காசானவை. டப்பாவை உணவுக் கழிவோடு சேர்க்காமல், அபாயகரமான கழிவு என்று சொல்லித் தூய்மைப் பணியாளர் கையில் தனியாகக் கொடுங்கள். ஆஸ்துமா இன்ஹேலரில் அழுத்தத்தில் அடைத்த வாயு இருக்கிறது. அதைக் குத்தவோ எரிக்கவோ கூடாது.

ஊசியைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபமே வருகிறது. சர்க்கரை நோயாளி உள்ள வீட்டில் இன்சுலின் ஊசி தினமும் சேரும். அதன் முனை அவ்வளவு மெல்லியது, கறுப்புப் பையில் இருந்தால் கண்ணுக்கே தெரியாது. நம் தெருவில் குப்பை பிரிக்கும் அக்கா கையுறை போட்டிருந்தாலும் அது கிழிந்த கையுறையாக இருக்கலாம். ஊசி ஏறினால் அவர் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்ஐவி பரிசோதனைக்கு அலைய வேண்டும், முடிவு வரும்வரை வீட்டில் தூங்காமல் கிடக்க வேண்டும். காலியான சலவை லிக்விட் பாட்டில் மாதிரி கெட்டியான ஒன்றை எடுத்து, போட்ட உடனே ஊசியை அதில் தள்ளி, முக்கால் நிறைந்ததும் மூடியை இறுக்கி டேப் சுற்றி, ‘ஊசி’ என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தால் இது நடக்காது. காசு செலவில்லாத வேலை. உங்கள் டாக்டரின் கிளினிக் வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது, அங்கே அதற்கென்று வெள்ளை நிறக் கலன் இருக்கும்.

வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவுதான். இதற்கு மேல் செய்ய வேண்டியது அரசு, அதைச் செய்து காட்ட முடியும் என்பதற்குப் பக்கத்து மாநிலமே சாட்சி. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2025 பிப்ரவரியில் கோழிக்கோடு மாநகராட்சியிலும் உள்ளியேரி ஊராட்சியிலும் ‘என்பிரவுட்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. மருந்தைப் போடப் பெட்டிகள் வைத்தார்கள், வீடுகளிலிருந்து வாங்கவும் ஏற்பாடு செய்தார்கள். சேர்ந்தவை எர்ணாகுளம் மாவட்டம் அம்பலமுகளில் உள்ள ஆலைக்கு எரியூட்டப் போகின்றன. மத்திய அமைப்பின் வழிகாட்டியும் இதையே சொல்கிறது: மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகளும் மருந்து வணிகர் சங்கங்களும் சேர்ந்து இப்படி இடங்கள் அமைக்கலாம்.

செலவு யாருடையது என்ற கேள்வியில்தான் இது நிற்கும் அல்லது விழும். போர்ச்சுகலில் 1999 முதலும் ஸ்பெயினில் 2001 முதலும் மருந்து நிறுவனங்களின் பணத்தில், மருந்துக்கடைகள் வழியாகவே வீட்டு மருந்தைத் திரும்ப வாங்குகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இன்னும் ஒரு படி போய், கழிவுநீரிலிருந்து நுண்மாசுகளை நீக்கும் கூடுதல் சுத்திகரிப்புச் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதன நிறுவனங்கள் ஏற்க வேண்டும் என்று சட்டம் போட்டது. இந்தியாவிலும் தயாரிப்பாளர் பொறுப்பு என்ற ஏற்பாடு பிளாஸ்டிக் உறைக்கும் பேட்டரிக்கும் டயருக்கும் இருக்கிறது. மாத்திரை அட்டையின் பிளாஸ்டிக்குக்கு நிறுவனம் பொறுப்பு, உள்ளே இருக்கும் மாத்திரைக்கு யாரும் பொறுப்பில்லை என்ற நிலை எந்த விதத்திலும் சரியாகப் படவில்லை.

தமிழ்நாட்டில் இதைத் தொடங்க இன்னும் வசதி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். போன மாத மாத்திரையில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்க அவர்களைவிடப் பொருத்தமானவர் இல்லை. மிச்சம் இருந்தால் நோயாளி ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பதும் அப்போதே தெரிந்துவிடும். அந்த மிச்சத்தை வாங்கி ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்த்துவிட்டால், அங்கிருந்து உயிர்மருத்துவக் கழிவு வண்டி ஏற்கெனவே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. தன்னார்வலருக்கு இது கூடுதல் வேலை, அதற்குக் கூடுதல் ஊதியம் தர வேண்டும். ஒரு மாவட்டத்தில் ஒரு வட்டாரத்தை எடுத்து ஆறு மாதம் செய்து பார்த்தாலே எவ்வளவு மருந்து சேர்கிறது, எந்த மருந்து அதிகம் வீணாகிறது, எரிக்க என்ன செலவாகிறது என்ற கணக்கு கையில் வந்துவிடும்.